ஆசனம் பெற்றவர்களும் பெறாதவர்களும்: தேசாதிபதி ஆர்தர் கோர்டன்

1874ஆம் ஆண்டு கம்பளையைக் கடந்து நாவலப்பிட்டி வரை புகையிரதப் பாதை திறக்கப்பட்டபோது மலையகத்தின் செல்வம் கோப்பியாக இருந்தது. பத்தே ஆண்டுகளில் இலைநோய் அதனை அழித்தொழித்தது. அந்தச் சரிவின் நடுவே, 1883 டிசம்பரில் இலங்கையின் தேசாதிபதியாகப் பொறுப்பேற்றவர் சேர் ஆர்தர் ஹமில்டன் கோர்டன். கம்பளையில் இன்றும் அருகருகே வாழும் மூன்று சமூகங்களின் அரசியல் வரலாற்றில் அவருக்குத் தனியிடம் உண்டு.

ஸ்கொத்லாந்தின் அபர்டீன் பிரபு குடும்பத்தில் 1829இல் பிறந்தவர் கோர்டன். 1852 முதல் 1855 வரை பிரித்தானியப் பிரதமராக இருந்த தந்தைக்குச் செயலாளராகப் பணியாற்றினார். 1854 முதல் 1857 வரை பாராளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார். பின்னர் குடியேற்ற நாடுகளின் நிருவாகமே அவரது வாழ்க்கையாயிற்று.

அவர் சென்ற இடமெங்கும் இந்தியத் தொழிலாளர் பிரச்சினை அவரை எதிர்கொண்டது. திரினிடாட்டில், ஒப்பந்தம் முடிந்தவர்கள் தாயகம் திரும்பும் பயண உரிமைக்குப் பதிலாகக் காணி பெற வழிசெய்தார். மொரீசியசில் அவர்கள் பட்ட துன்பங்களை விசாரிக்க ஆணைக்குழு அமைவதை ஆதரித்தார். பீஜியிலோ, பூர்வீகக் குடிகளின் காணிகளைக் காத்த அதே கோர்டன், 1879இல் இந்திய ஒப்பந்தத் தொழிலாளரை அங்கு முதன்முதலாகக் குடியேற்றினார். ஒரு சமூகத்துக்குக் காவலாக நின்றவர், அதன் சுமையை மற்றொரு சமூகத்தின் தோளில் ஏற்றினார்.

இலங்கையில் அவரது துணிவு 1884 மே மாதத்தில் வெளிப்பட்டது. ஒரியன்டல் வங்கி முறிந்து, மக்களின் கையிலிருந்த அதன் நோட்டுகள் மதிப்பிழக்கும் நிலை தோன்றியது. இலண்டனின் அனுமதிக்குக் காத்திராமல், அந்நோட்டுகளுக்கு அரசாங்கமே பொறுப்பு என அவர் உத்தரவாதமளித்தார். கலாவெவ புனரமைப்பு, 1885இல் நானுஓயா வரை நீண்ட புகையிரதப் பாதை, அதே ஆண்டில் வெசாக் தினத்துக்கு விடுமுறை, 1886இல் முஸ்லிம் விவாகப் பதிவுச் சட்டம் ஆகியனவும் அவரது காலத்தவை.

எனினும் அவர் பிரபு குலத்தின் கண்கொண்டே நாட்டைப் பார்த்தார். கண்டியப் பெருங்குடியினருக்குப் பழைய மதிப்பை மீட்டளிக்க விரும்பினார். அதே வேளையில் வலப்பனைப் பகுதியில் நெல்வரி செலுத்த இயலாத ஏழை விவசாயிகளின் வயல்கள் ஏலத்தில் போயின. அவ்வரியை நீக்க அவர் முன்வரவில்லை. அது அவருக்குப் பின்னரே, 1892இல் ஒழிந்தது.

1889இல் சட்ட நிரூபண சபையில் உத்தியோகப்பற்றற்ற உறுப்பினர் ஆசனங்கள் இரண்டு கூட்டப்பட்டன. ஒன்று கண்டியச் சிங்களவருக்கு, மற்றொன்று முஸ்லிம்களுக்கு. எம். சி. அப்துல் ரஹ்மான் முதல் முஸ்லிம் உறுப்பினரானார். முஸ்லிம்கள் இனத்தால் தமிழரே எனத் தமிழ் உறுப்பினர் பொன்னம்பலம் இராமநாதன் 1888இல் வாதிட்டிருந்த சூழலில், முஸ்லிம்களுக்கு இது தனித்துவத்தின் அங்கீகாரமாயிற்று.

தோட்டத் தொழிலாளருக்கோ அதே 1889இல் கிடைத்தது ஒரு தொழிலாளர் சட்டம் மட்டுமே. மாதச் சம்பளத்தை அறுபது நாட்களுக்குள் வழங்க வேண்டும் என்பது அதன் முக்கிய ஏற்பாடு. தோட்டத்துரைமாருக்குச் சபையில் ஏற்கனவே ஆசனம் இருந்தது. கொழுந்து பறித்தவர்களுக்கு இல்லை. இந்தியத் தமிழருக்கென ஓர் ஆசனம் தோன்ற 1920கள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 1931இல் கிடைத்த சர்வசன வாக்குரிமையையும் 1948இன் பிரஜாவுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்த சட்டங்களும் அவர்களிற் பெரும்பாலோரிடமிருந்து பறித்தன.

1890இல் இலங்கையை விட்டுச் சென்ற கோர்டன், 1893இல் ஸ்டான்மோர் பிரபுவாகி, 1912இல் காலமானார். கொழும்புக் கோட்டையிலுள்ள கோர்டன் பூங்கா அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் கொடுங்கோலர் அல்லர். திறமையும் மனச்சாட்சியும் உடையவர். ஆனால் மேலிருப்பவர் கருணையால் வழங்கிய ஆசனம், ஒவ்வொரு சமூகத்திலும் உயர்ந்தோரையே முதலில் சென்றடைந்தது. சிறுபான்மையினர் பிரதிநிதித்துவம் பற்றிப் பேசும் தமிழரும் முஸ்லிம்களும், தமக்கு எத்தனை ஆசனம் என்பதோடு நின்றுவிடலாகாது. தமக்குள்ளேயே குரலற்று நிற்போர் யார் என்பதையும் கேட்க வேண்டும் என்பதே அவரது வாழ்க்கை உணர்த்தும் பாடம்.