உப்பும் பாட்டும்

காவிரியாறு கொங்கு நாட்டைக் கடந்து சோழ நாட்டை நோக்கிச் செல்லும் வழியில் மோகனூர் என்னும் ஊர் உள்ளது. நாமக்கல்லுக்குத் தெற்கே அமைந்த அவ்வூரில் 1888ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 19ஆம் நாள் இராமலிங்கம் பிறந்தார். தந்தையார் வேங்கடராமர், தாயார் அம்மணி அம்மாள். பெண் மக்கள் பலர் பிறந்தபின் இராமேசுவரத்து இறைவனை வேண்டிப் பெற்ற ஆண் மகவு ஆதலின், அப்பெயரையே சூட்டி மகிழ்ந்தனர்.

தந்தையார் காவல்துறையிற் பணிபுரிந்தவர். மகனும் அத்துறையிற் சேர்ந்து உயர்தல் வேண்டும் என்பது அவர் விருப்பம். மகனுடைய கையோ தூரிகையை நாடிற்று. நாமக்கல்லிலும் கோயம்புத்தூரிலும் திருச்சிராப்பள்ளியிலும் கற்ற இராமலிங்கம், சிறிது காலம் எழுத்தராகவும் ஆசிரியராகவும் இருந்து பார்த்தார். இரண்டும் அவர் உள்ளத்துக்கு இசைந்தில. ஓவியத்தையே தொழிலாகக் கொண்டார். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் உருவத்தை எழுதிப் பொற்பதக்கமும் பெற்றார். அம்மன்னர் பெயரால் நடந்த ஆட்சியின் சட்டத்தை எதிர்த்துப் பின்னாளில் அவரே பாடப்போகிறார் என்பதை அன்று எவர் அறிவார்?

ஓவியம் எழுதிய கையே நாடக மேடைக்குரிய பாடல்களையும் எழுதி வந்தது. செட்டிநாட்டில் ஒருமுறை பாரதியாரைக் காணும் பேறு அவருக்குக் கிட்டியது. இளைஞர் பாடிக் காட்டிய பாட்டைக் கேட்ட பாரதியார் மனம் நெகிழ்ந்து பாராட்டினார். தம்மை ஓவியர் என்றே எண்ணியிருந்தவருக்குத் தாம் கவிஞர் என்னும் துணிவு அன்று பிறந்தது எனலாம்.

அக்காலத்தில் உப்பும் அரசின் உடைமையாய் இருந்தது. 1882ஆம் ஆண்டின் உப்புச் சட்டத்தின்படி, அரசின் இசைவின்றி எவரும் உப்புக் காய்ச்சுதல் குற்றம். கடல்நீர் வெயிலில் வற்றித் தானே விளைந்த உப்பை ஒரு பிடி அள்ளினும் சிறை. செல்வர்க்கு இவ்வரி ஒரு பொருட்டன்று. நாள் முழுதும் வயலில் உழைத்து வியர்வையாய் உப்பை இழக்கும் ஏழைக்கோ கூழுக்கு இடும் உப்பின்மீதும் வரி! அரசியல் நூல்களைக் கல்லாதவரும் இதன் கொடுமையைத் தம் நாவாலேயே அறிந்தனர். இதனாலன்றோ காந்தியடிகள் எத்தனையோ வரிகள் இருக்க உப்பு வரியைத் தேர்ந்தெடுத்து, 1930ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 12ஆம் நாள் தண்டிக்கு நடந்தார்.

தமிழ்நாட்டில் அப்பணியை இராஜாஜி மேற்கொண்டார். சேலத்தில் வழக்கறிஞராகவும் நகராட்சித் தலைவராகவும் விளங்கியவர் அவர்; 1925ஆம் ஆண்டில் திருச்செங்கோட்டை அடுத்துக் காந்தி ஆசிரமம் நிறுவியவர். அவர் தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரணியத்துக்கு நடந்து செல்வதென முடிவாயிற்று. தொலைவு ஏறத்தாழ 150 மைல். அத்தொண்டர்கள் வழியிற் பாடுதற்கென ஒரு பாட்டு வேண்டியிருந்தது. இராமலிங்கம் அதனை இயற்றி அளித்தார்.

வாளும் குருதியும் வேண்டாத போர் ஒன்று எழுகின்றது. வாய்மை அழியாதது என்று நம்புவோர் யாவரும் அதிற் கலந்துகொள்ளலாம் என்பதே அப்பாட்டின் பொருள். போர்க்களத்தில் ஆயிரம் யானைகளைக் கொன்ற வீரனைப் பாடுவது பரணி என்று இலக்கண நூலார் கூறுவர். இப்பாட்டிலோ யானை இல்லை, குதிரை இல்லை, கொல்லும் வேட்கையும் இல்லை. ஆயினும் இதுவும் போர்ப்பாட்டே. சொற்கள் மிக எளியவை. எளிமை மிகுதி என்று கற்றோருள் சிலர் குறை கூறுவதும் உண்டு, அக்குறை பொருந்தாது. ஏட்டைக் கையிற் கொண்டு அமர்ந்து ஆராய்தற்கென எழுந்த பாட்டு அன்று அது. வலக்கால் ஒரு தாளமும் இடக்கால் ஒரு தாளமுமாக நடந்துகொண்டே பாடுதற்கென எழுந்தது. தெருவோரம் நிற்கும் உழவன் ஒருமுறை கேட்டவுடன் மறுமுறை உடன்பாட வேண்டும். அரும்பதங்களுக்கு அங்கு இடம் ஏது?

1930ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்கள் 13ஆம் நாள் தொண்டர்கள் புறப்பட்டனர். தஞ்சை மாவட்டத்தில் அவர்க்கு உணவோ உறையுளோ அளிப்பவர் தண்டிக்கப்படுவர் என்று ஆட்சித் தலைவர் தோர்ன் என்பார் அறிவித்தார். வந்தாரை உண்பித்தலையே அறமாகக் கொண்ட காவிரி நாட்டில் அவ்வாணை எங்ஙனம் செல்லும்? மக்கள் சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளிற் கட்டித் தொங்கவிட்டுச் சென்றனர். அளித்தவர் இன்னார் என்று எவரும் காட்ட இயலவில்லை. சோற்றைத் தடுக்க முயன்ற ஆணையால் பாட்டைத் தடுக்க இயலுமோ? ஓர் ஊரினின்று அடுத்த ஊருக்கு அது காற்றிற் கலந்து சென்றது.

ஏப்பிரல் 28ஆம் நாள் வேதாரணியம் சேர்ந்தனர். திருமறைக்காடு என்பது அதன் பழம்பெயர். மறைகள் பூசித்து அடைத்த கோயிற் கதவு அப்பர் பெருமான் பாடத் திறந்தது என்று பெரியபுராணம் கூறும். அத்தகைய ஊருக்குப் பாடிக்கொண்டே வந்தவர்க்குத் திறந்தது சிறைக்கதவு. 30ஆம் நாள் உப்பள்ளிய இராஜாஜி சிறைப்பட்டார். தொண்டர் பலர் தடியடியும் பட்டனர். எவரும் திருப்பி அடித்திலர். அதுவரை வாயாற் பாடியதை அவர்கள் உடலாலும் மெய்ப்பித்தனர்.

இராமலிங்கமும் விடுதலைப் போரில் ஓராண்டு சிறைவாசம் ஏற்றார். தீண்டாமையின் இழிவையும் கள்ளின் கேட்டையும் பாடினார். மலைக்கள்ளன் முதலிய புதினங்களும் எழுதினார். நாமக்கல் கவிஞர் என்றே நாடு அவரை அழைத்தது. 1949ஆம் ஆண்டில் சென்னை மாநில அரசவைக் கவிஞரானார். 1971ஆம் ஆண்டில் பத்மபூஷண் விருது பெற்று, 1972ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 24ஆம் நாள் மறைந்தார்.

உப்புச் சட்டத்தை நடத்திய மாகாண ஆட்சி சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் வீற்றிருந்தது. அக்கோட்டை வளாகத்துள் பின்னாளில் எழுந்த பத்து மாடிக் கட்டடத்துக்கு நாமக்கல் கவிஞர் மாளிகை என்பது பெயர்.