விண்ணளவை அடிக்கணக்காக்கிய லாம்டன் துரை

நிலக் கிராண்டைக் கையில் வாங்கும் வியாபாரி ஏக்கரைப் பார்ப்பார், விலையைப் பார்ப்பார். அந்த அளவு எப்படி வந்தது என்று கேட்பவர் சிலரே. ஆங்கிலேயர் காலத்தில் நிலம் அளந்த சங்கிலி 66 அடி. 10 சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். நமது கெடா நெல்வயலுக்கோ ரெலோங் கணக்கு. ஒரு ரெலோங் சுமார் 0.71 ஏக்கர். ஒன்றை மற்றொன்றாக மாற்றுவதில் பிசகினால் நஷ்டம் நமக்கே.

இந்த மாற்றுக் கணக்குக்கே ஆயுளைச் செலவிட்டவர் வில்லியம் லாம்டன். இங்கிலாந்தில் யார்க்ஷயரில் எளிய குடியில் பிறந்து, ராணுவ அதிகாரியாக இந்தியா வந்தார். 1799-ல் திப்பு சுல்தானை எதிர்த்த படையில் இருந்தவர்தாம். ஆயினும் அவரது கல்வியை நாம் மதிக்கவே வேண்டும்.

1802 ஏப்ரல் 10-ல், சென்னைப் பரங்கிமலை அருகே, சுமார் ஏழரை மைல் நேர்கோட்டை 100 அடி எஃகுச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். வெயிலில் எஃகு நீளுமாதலால் வெப்பமானி வைத்துக் கணக்கைத் திருத்தினார். அது முடிய 57 நாட்கள் ஆயின. அக்கோட்டின்மேல் முக்கோணங்களை அடுக்கி ஊர்களுக்கு இடையிலான தூரத்தைக் கணித்தார்.

நட்சத்திரம் தருவது கோணம்; நிலம் கேட்பது அடி. தெற்கு வடக்கான இரண்டு ஊர்களில் ஒரே நட்சத்திரத்தின் உச்ச உயரம் ஒரு பாகை வேறுபட்டால், தமிழகத்தில் இடைத்தூரம் சுமார் 3,63,000 அடி. நிலச் சங்கிலியில் 5,500. பாகையில் 3,600-ல் ஒரு பங்கு பிசகினாலும் தரையில் 100 அடி தவறிவிடும்!

1808-ல் தஞ்சாவூர்க் கோயில் கோபுரத்தில் ஏற்றும்போது, அரை டன் எடையுள்ள கோணமானி கயிறறுந்து சுவரில் மோதி வளைந்தது. லாம்டன் மனந்தளரவில்லை. கூடாரத்தில் அடைந்து கிடந்து, ஆறு வாரங்களில் மரச்சுத்தியால் தட்டித்தட்டி அதைச் சீராக்கினார். 1823 ஜனவரியில், நாகபுரி செல்லும் வழியில் ஹிங்கண்காட்டில், வேலை முடியுமுன்பே காலமானார். அப்பணியைத் தொடர்ந்தவரே ஜார்ஜ் எவரெஸ்ட்.

அவர் காட்டிய கணக்கு கெடாவுக்கும் பொருந்தும். அலோர் ஸ்டாருக்கும் சுங்கை பட்டாணிக்கும் அட்சரேகை வேற்றுமை சுமார் 28 கலை. பாகையில் அறுபதில் ஒரு பங்கான கலை ஒன்றுக்கு 6,050 அடி வீதம், வடக்கு தெற்காக 32 மைல்.

ஏக்கரும் ரெலோங்கும் போக, இன்று ஹெக்டேரும் சேர்ந்துவிட்டது. ஆகவே சகோதரர்களே, கிரயம் பேசுமுன் எந்த அளவு என்று கேட்போம். அதை நாமே ஒருமுறை மாற்றிப் பார்ப்போம். அதன் பிறகே கையொப்பமிடுவோம்.