ஆய்வுப்பொருள் ஆய்வாளராதல்: பாவ்லோ ஃபிரெய்ரேயின் வாழ்வும் ஆய்வுமுறையும்

கல்வியியல் ஆய்வில் விமர்சனக் கோட்பாட்டைக் கையாளுவோர் பாவ்லோ ஃபிரெய்ரேயைப் (1921–1997) பெரிதும் ஒரு கோட்பாட்டாளராகவே காண்கின்றனர். வங்கிமுறைக் கல்வி என்னும் அவருடைய உருவகம் ஏறத்தாழ எல்லா ஆய்வேடுகளின் முதல் இயலிலும் இடம்பெற்றுவிடுகிறது. ஆய்வுமுறையியல் பற்றிய இயலுக்கு வந்ததும் அவர் மறைந்துவிடுகிறார். அங்கே வினாநிரலும் விழுக்காட்டு அட்டவணையும் தொடர்கின்றன. அவருடைய வாழ்க்கையை நோக்கினால் இப்பிரிவினை பொருந்தாது என்பது புலனாகும். கோட்பாட்டை நூல்களில் கண்டெடுத்துப் பின்னர்க் களத்தில் பொருத்திப் பார்த்தவர் அல்லர் அவர். களத்தில் கண்ட தோல்வியே அவரைக் கோட்பாட்டிற்கு அழைத்துச் சென்றது.

பிரேசிலின் வடகிழக்கில், பெர்னாம்புக்கோ மாநிலத்தின் ரெசிஃபே நகரில் 1921 செப்டம்பர் 19 அன்று அவர் பிறந்தார். வீட்டுத் தோட்டத்து மாமர நிழலில், தரையில் குச்சியால் கீறி எழுத்துக் கற்றார். 1929இன் பொருளாதார நெருக்கடி அந்த நடுத்தரக் குடும்பத்தையும் தாக்கியது. குடும்பம் ரெசிஃபேயை விட்டு அருகிலிருந்த ஜபோவாத்தாவோ ஊருக்குக் குடிபெயர்ந்தது. சில ஆண்டுகளில் தந்தையும் இறந்தார். பசியால் பாடம் மனத்தில் நில்லாத நிலையைச் சிறுவனாக அவர் அறிந்திருந்தார். ரெசிஃபேயின் ஓஸ்வால்டோ குரூஸ் பள்ளித் தலைவர் அலுயீசியோ அராவுஜோ கட்டணமின்றிச் சேர்த்துக்கொண்டதால் படிப்புத் தொடர்ந்தது. பின்னர் அதே பள்ளியில் போர்த்துகீசிய மொழி கற்பித்தார். சட்டமும் பயின்றார், கடன்பட்ட ஓர் இளம் பல்மருத்துவருக்கு எதிரான முதல் வழக்கோடு அத்தொழிலை விட்டுவிட்டார். 1944இல் தொடக்கப்பள்ளி ஆசிரியை எல்சாவை மணந்தார்.

பியாஜேயும் ஒரு தொழிலாளியும்

1940களின் பிற்பகுதியில் செசி எனப்பட்ட தொழில்துறைச் சமூகப்பணி நிறுவனத்தில் அவர் பொறுப்பேற்றார். அங்கு ஏறத்தாழ 1,000 குடும்பங்களில், பெற்றோர் குழந்தைகளைத் தண்டிக்கும் முறை பற்றி ஓர் ஆய்வு நடத்தினார். ரெசிஃபே நகரிலும் உள்நாட்டுப் பகுதிகளிலும் கடும் உடல் தண்டனை வழக்கத்திலிருந்ததையும், கடற்கரை மீனவர்களிடையே அது அரிதாக இருந்ததையும் ஆய்வு காட்டியது. மரபான அளவுகோலின்படி இது வெற்றிபெற்ற ஆய்வே. இதன் முடிவுகளைக் கொண்டு, பியாஜேயின் ஒழுக்க வளர்ச்சிக் கொள்கையைத் துணையாகக் கொண்டு, தொழிலாளர் பெற்றோருக்கு அவர் உரையாற்றத் தொடங்கினார்.

அத்தகைய ஒரு கூட்டத்தின் முடிவில் ஒரு தொழிலாளி எழுந்தார். உரையாளரின் வீட்டைத் தாம் பார்த்ததில்லை எனினும் அது எப்படி இருக்கும் எனத் தம்மால் சொல்லமுடியும் என்றார். பிள்ளைகளுக்குத் தனி அறை, குளியலறை, வெந்நீர், முற்றம் என அடுக்கினார். பின்னர்த் தம் வீட்டை விவரித்தார். ஒற்றை அறை, களைத்து வரும்போது பசியால் ஓயாது கத்தும் பிள்ளைகள், விடியுமுன் நான்கு மணிக்கு மீண்டும் எழவேண்டிய கட்டாயம். அடிப்பது அன்பின்மையால் அன்று என விளக்கி அமர்ந்தார். வீடு திரும்பும் வழியில், அவர்கள் தம்மைப் புரிந்துகொள்ளவில்லை என ஃபிரெய்ரே வருந்தியபோது, புரிந்துகொள்ளவேண்டியவர் அவர்தாமே என எல்சா சுட்டினார். 1992இல் வெளிவந்த நம்பிக்கையின் கல்வியியல் நூலில் இந்நிகழ்ச்சியைத் தம் வாழ்வின் திருப்பமாக ஃபிரெய்ரே பதிவுசெய்தார்.

இந்நிகழ்ச்சியை உருக்கமான கதையாக மட்டும் வாசிப்பது போதாது. தரவு பிழையானதன்று, ஆய்வின் அமைப்பே குறையுடையது. தண்டனை என்னும் மாறியை ஆய்வாளரே முன்னதாகத் தெரிந்தெடுத்திருந்தார். அந்த மாறியை வீடு, கூலி, உறக்கம் ஆகியவற்றோடு இணைத்து விளக்கும் ஆற்றல் தகவலாளரிடம் இருந்தது. அதற்கு ஆய்வில் இடமில்லை.

செங்கல்

1959இல் பிரேசிலின் சமகாலக் கல்வி பற்றிய ஆய்வேட்டை ரெசிஃபே பல்கலைக்கழகத்தில் அளித்தார். போட்டியிட்ட பேராசிரியர் பதவி கிட்டவில்லை. அடுத்த ஆண்டுகளில் பல்கலைக்கழகப் பண்பாட்டு விரிவாக்கப் பணியின் தலைமையில் எழுத்தறிவு முறை உருப்பெற்றது. அதன் முதற்படி கற்பித்தல் அன்று, கள ஆய்வு. கற்போர் வாழும் ஊருக்குச் சென்று அவர்களின் பேச்சிலிருந்து சொற்களைத் திரட்டுவர். ஒலிவளம், ஒலிக்கடினம், வாழ்வோடுள்ள பிணைப்பு ஆகியவற்றைக் கருதிப் பதினாறு அல்லது பதினேழு ஆக்கச் சொற்களைத் தெரிவர். ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் அமையும். பண்பாட்டு வட்டத்தில் படத்தைப் பற்றிய உரையாடல் முடிந்த பிறகே எழுத்து வரும். செங்கல் எனப் பொருள்படும் திஜோலோ என்ற சொல்லிலிருந்து த, ஜ, ல வரிசைகள் பிரிக்கப்படும். ஐந்து உயிர்களோடும் அவை உறழும்போது கற்போர் தாமே புதுச்சொற்களைப் படைப்பர். உயிர்மெய் வரிசையில் பழகிய தமிழாசிரியருக்கு இப்பகுதி வியப்பளிக்காது. அசைகள் தெளிவாகப் பிரியும் மொழிகளில் இம்முறை இயல்பாக ஓடுவதற்கும் ஆங்கிலத்தில் இடறுவதற்கும் காரணம் இதுவே.

1963இல் ரியோ கிராண்டே டோ நோர்ட்டே மாநிலத்தின் அங்கீகோஸ் என்னும் சிற்றூரில் ஏறத்தாழ 300 பேருக்கு 40 மணி நேரத்தில் எழுத்தறிவிக்கும் முயற்சி நடந்தது. நிறைவு விழாவிற்குக் குடியரசுத் தலைவர் ஜோவாவோ கூலார்த் வந்தார். அன்றைய பிரேசிலில் எழுத்தறியாதவருக்கு வாக்குரிமை இல்லை. எனவே ஒரு சொல்லை எழுதக் கற்ற ஒவ்வொருவரும் புதிய வாக்காளர். நாடு முழுவதும் பல்லாயிரம் பண்பாட்டு வட்டங்களைத் தொடங்கும் திட்டம் 1964 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. ஏப்ரல் தொடக்கத்தில் நிறைவேறிய இராணுவக் கவிழ்ப்பு இரண்டு வாரத்திற்குள் அதனை நீக்கியது. ஃபிரெய்ரே சிறைப்பட்டார், பின்னர்ப் பொலிவியா வழியாகச் சிலி சென்றார்.

சாந்தியாகோவின் குடிகாரர்

சிலியில் நிலச்சீர்திருத்தப் பணிகளோடு இணைந்திருந்த ஆண்டுகளில்தான் ஒடுக்கப்பட்டோரின் கல்வியியல் எழுதப்பட்டது. எரிக் ஃபிரோம், ஹெர்பர்ட் மார்கூசே, லூசியன் கோல்ட்மன், ஃபானன், மெம்மி ஆகியோர் இந்நூலில் ஒருங்கே வருகின்றனர். உயிருள்ளதைப் பொருளாக்கி ஆளும் வேட்கை பற்றிய ஃபிரோமின் கருத்து, ஒடுக்குமுறையை விளக்குவதற்கு எடுத்தாளப்பட்டது. நூலின் மூன்றாம் இயலோடு சேர்த்து வாசித்தால் அதுவே ஆய்வுமுறைக்கும் அடிப்படையாவது தெரியும். ஆய்வின் பொருள் மனிதர்கள் அல்லர். உலகைப் பற்றிய அவர்களின் சிந்தனையும் மொழியுமே ஆய்வின் பொருள் என அவ்வியல் வரையறுக்கிறது. ஆய்வாளர் முதலில் ஊராரின் இசைவைப் பெறவேண்டும். அவர்களுள் சிலரை உடன்ஆய்வாளராக்கிக்கொள்ள வேண்டும். களக்குறிப்புகளை அவர்கள் முன்னிலையிலேயே விவாதிக்கவேண்டும். இருபது பேருக்கு மிகாத வட்டங்களில் படங்களை முன்வைத்து, மக்கள் அவற்றைப் பிரித்தறியும் முறையைப் பதிவுசெய்யவேண்டும்.

அவ்வியலிலுள்ள ஓர் எடுத்துக்காட்டு முழு நூலுக்கும் உரைகல்லாகத் தக்கது. சாந்தியாகோவின் நெருக்கடியான குடியிருப்பு ஒன்றில் ஆய்வுக்குழு ஒரு படத்தைக் காட்டியது. குடித்துவிட்டுத் தெருவில் நடக்கும் ஒருவர். மூலையில் பேசிக்கொண்டிருக்கும் மூன்று இளைஞர்கள். குழு குடிப்பழக்கம் பற்றிய கருத்தை எதிர்பார்த்தது. வட்டத்திலிருந்தோர், அப்படத்தில் நாட்டிற்குப் பயனுள்ளவர் குடித்தவர் மட்டுமே என்றனர். அவர் குறைந்த கூலிக்கு நாள் முழுவதும் உழைத்தவர், குடும்பத்தை எண்ணிக் கவலைப்படுபவர், தம்மைப் போன்றவர் என்றனர். குடிப்பழக்கம் பற்றிய வினாநிரல் இவ்விடையைப் பெற்றிருக்காது. தாம் குடிப்பதில்லை என்றும் பலர் கூறியிருக்கக்கூடும்.

இம்முறைக்குள்ளேயே ஒரு சிக்கலும் உண்டு. மக்கள் எழுப்பாத, ஆனால் இன்றியமையாதவை என ஆய்வாளர் கருதும் கருப்பொருள்களையும் சேர்க்கலாம் என ஃபிரெய்ரே அனுமதித்தார். இவற்றை இணைப்புக் கருப்பொருள்கள் எனலாம். எது இன்றியமையாதது என்பதை முடிவுசெய்யும் உரிமை மீண்டும் ஆய்வாளரிடமே சேர்கிறது. உரையாடல் என்ற சொல் இக்கேள்வியைத் தீர்ப்பதில்லை, மறைக்கவே செய்கிறது. தமிழக அறிவொளி இயக்கம் போன்று ஃபிரெய்ரேயின் தாக்கம் பெற்ற முயற்சிகளை ஆராய்வோர் இவ்விடத்தைத் தாண்டிச் செல்ல இயலாது.

மொழி என்னும் இடறல்

நூல் 1970இல் ஆங்கிலத்தில் வந்தது. பிரேசிலில் 1974 வரை காத்திருந்தது. ஹார்வர்டில் சிறிது காலம் இருந்தபின் 1970 முதல் ஜெனிவாவில் உலகத் திருச்சபைகள் மன்றத்தில் பணியாற்றினார். தான்சானியாவின் தார் எஸ் சலாமில் மாற்று ஆய்வுமுறை பற்றி அவர் ஆற்றிய உரை, பின்னாளில் பங்கேற்பு ஆய்வு எனப் பெயர்பெற்ற போக்கிற்கு ஊக்கமளித்தது. புதிதாக விடுதலையடைந்த கினி-பிசாவில் அவர் ஈடுபட்ட எழுத்தறிவுப் பணி எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. கற்பித்த மொழி போர்த்துகீசியம். மக்கள் பேசியவை கிரியோலும் ஆப்பிரிக்க மொழிகளும். கற்போரின் சொல்லுலகிலிருந்து தொடங்கும் முறை, அச்சொல்லுலகில் இல்லாத மொழியில் கற்பிக்கப்பட்டது. கிரியோலைத் தாம் வலியுறுத்தியதாகப் பின்னர் அவர் விளக்கியபோதும் விமர்சனம் ஓயவில்லை. நூலில் மனிதகுலத்தை ஆண்பாலால் சுட்டியதற்காக அமெரிக்கப் பெண்கள் எழுதிய கடிதங்களை அவர் வேறுவிதமாக எதிர்கொண்டார்; குறையை ஏற்று எழுத்துநடையை மாற்றிக்கொண்டார்.

1979இன் பொதுமன்னிப்பிற்குப் பிறகு 1980இல் தாயகம் திரும்பினார். 1986இல் எல்சா இறந்தார். 1988இல் பழைய பள்ளித் தலைவரின் மகளான அனா மரியாவை மணந்தார். 1989 ஜனவரியில் சாவோ பாவ்லோ மாநகரக் கல்விச் செயலரானார். பள்ளிகள் தம் சுற்றுப்புறத்தை ஆசிரியர், மாணவர், பெற்றோர் துணையுடன் ஆராய்ந்து, அங்கு கண்ட கருப்பொருள்களைக்கொண்டு பாடத்திட்டம் அமைக்கும் முயற்சி அப்போது தொடங்கியது. சிலியின் குடியிருப்பில் பிறந்த முறை ஒரு பெருநகர நிர்வாகத்தின் கோப்புகளுக்குள் நுழைந்த காலம் அது. 1991 மே மாதம் பதவியிலிருந்து விலகி எழுத்திற்குத் திரும்பினார்.

1997 மே 2 அன்று சாவோ பாவ்லோவில் மாரடைப்பால் இறந்தபோது ஒரு கடித வரிசையை அவர் எழுதிக்கொண்டிருந்தார். அது 2000இல் சினத்தின் கல்வியியல் என்ற நூலில் வெளிவந்தது. அதில் முற்றுப்பெறாத கடைசிக் கடிதம், அவ்வாண்டு ஏப்ரலில் பிரசிலியா நகரில் பேருந்து நிறுத்தத்தில் உறங்கிய பட்டஷோ பழங்குடியினர் ஒருவரை இளைஞர் ஐவர் எரித்துக் கொன்றது பற்றியது. கொன்றோர் வசதியான வீட்டுப் பிள்ளைகள், பள்ளியில் பயின்றோர். அவர்கள் எத்தகைய உலகில் வளர்ந்தனர், எதைக் கற்றனர் என்ற வினாவை அக்கடிதம் தொடங்கி வைக்கிறது.