எம்.ஜி.ஆர். பிறந்த நாட்டில் இந்திய ராணுவம்

கோவை சிங்காநல்லூர் சென்ட்ரல் ஸ்டூடியோவில் எடுத்த படம் "ராஜகுமாரி." 1947-ல் வெளிவந்தது. எம்.ஜி.ஆர். கதாநாயகன் ஆனது அதில்தான்.

அவர் பிறந்தது 1917-ல், இலங்கையில். கண்டியை அடுத்த நாவலப்பிட்டியில். சிறு வயதிலேயே தந்தையை இழந்து, தாயாருடன் தமிழகம் வந்தார். 1977-ல் முதல்-அமைச்சர் ஆனார்.

1983-ல் இலங்கைத் தமிழர்கள் வெட்டியும் எரித்தும் கொல்லப்பட்டனர். ஆயிரக்கணக்கானோர் அகதிகளாகக் கரையேறினார்கள். ராணுவத்தை அனுப்பு என்ற குரல் தமிழகத்தில் எழுந்தது.

1987 ஜூன் 4-ல் இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தில் உணவுப் பொருள்களைப் போட்டன. தமிழகம் மகிழ்ந்தது. ஜூலை 29-ல் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனேயும் ஒப்பந்தம் செய்தார்கள். மறுநாள் இந்திய அமைதிப்படை போய் இறங்கியது. யாழ்ப்பாண மக்கள் மாலை போட்டு வரவேற்றார்கள். சென்னைக் கடற்கரைக் கூட்டத்தில் ராஜீவ் காந்தியுடன் எம்.ஜி.ஆரும் தோன்றினார்.

ஆனால் புலிகள் ஆயுதங்களை முழுவதும் ஒப்படைக்கவில்லை. அக்டோபரில் அமைதிப்படைக்கும் அவர்களுக்கும் போர் மூண்டது. காக்கப் போன படையின் குண்டுக்குப் பொதுமக்களும் பலியானார்கள். மாலை போட்ட ஊரில் ஒப்பாரி கேட்டது.

போர் ஓயுமுன், டிசம்பர் 24-ல் எம்.ஜி.ஆர். காலமானார்.

1990 மார்ச்சில் படை திரும்பியது. 1,000-க்கும் அதிகமான இந்திய வீரர்கள் மாண்டிருந்தனர். திரும்பியவர்களை வரவேற்க அன்றைய முதல்-அமைச்சர் கருணாநிதி செல்லவில்லை. படையை அனுப்பச் சொன்ன தமிழகத்தின் மனம், ஏழே ஆண்டில் மாறிவிட்டது!