புதிய மொழிகளைப் படைத்த பேராசிரியர் டோல்கீன்

கதாபாத்திர விளையாட்டு என்று ஒன்று உண்டு. உங்களில் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். ஒருவர் கதையைச் சொல்லிக்கொண்டே போவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, அந்தக் கதைக்குள் புகுந்து விளையாடுவார்கள். விண்வெளிக் கதை என்றால் ஒருவர் விண்கலம் ஓட்டுபவர், ஒருவர் மருத்துவர், இன்னொருவர் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவர். ஒவ்வொருவரிடமும் ஒரு தாள் இருக்கும். அந்தப் பாத்திரத்துக்கு என்னென்ன திறமைகள் உண்டு, எந்த அளவுக்கு உண்டு என்று அதில் குறித்திருப்பார்கள். பகடையை உருட்டி, விழுந்த எண்ணோடு அந்தத் திறமையின் அளவையும் சேர்த்துப் பார்த்து, நினைத்த காரியம் கைகூடியதா என்று முடிவு செய்வார்கள்.

அந்தத் தாளில் மொழிகளுக்கும் ஓர் இடம் இருக்கும். ஏன் தெரியுமா? முன்பின் தெரியாத ஒரு கிரகத்தில் இறங்குகிறீர்கள். எதிரே அந்தக் கிரகவாசி நிற்கிறார். ஏதோ சொல்கிறார். அது வரவேற்பா, மிரட்டலா? கையில் ஆயுதம் இருந்து என்ன பயன்? குழுவில் அந்த மொழி தெரிந்த ஒருவர் இருந்தால் போதும், சண்டையே இல்லாமல் காரியம் முடிந்துவிடும்!

கற்பனை உலகம் என்றால் அங்கு வாழும் ஒவ்வோர் இனத்துக்கும் தனி மொழியும் தனி எழுத்தும் இருக்க வேண்டும் என்ற எண்ணத்தை உலகெங்கும் பரவச் செய்தவர்களில் முதன்மையானவர் ஓர் ஆங்கிலேயப் பேராசிரியர். ஜான் ரொனால்ட் ரூயல் டோல்கீன் என்பது அவரது முழுப் பெயர். அவருடைய வாழ்க்கையைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

தாயே முதல் ஆசிரியை

டோல்கீன் 1892-ஆம் ஆண்டு ஜனவரி 3-ஆம் தேதி, இன்றைய தென்னாப்பிரிக்காவில் உள்ள புளூம்ஃபோன்டீன் நகரில் பிறந்தார். தந்தை அங்கு வங்கியில் பணிபுரிந்தார். மூன்று வயதில் தாயுடனும் தம்பியுடனும் இங்கிலாந்துக்கு வந்தார். பின்னால் வந்து சேர்வதாக இருந்த தந்தை, 1896-இல் காய்ச்சலில் இறந்துபோனார். 

குறைந்த வருமானத்தில் இரண்டு பிள்ளைகளையும் வளர்த்தார் தாய் மேபல். பர்மிங்காம் நகருக்கு வெளியே சேர்ஹோல் என்ற சிற்றூரில் குடியிருந்தார்கள். பிள்ளைகளுக்குத் தாமே பாடம் சொல்லிக் கொடுத்தார். நான்கு வயதிலேயே டோல்கீன் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிவிட்டார். செடிகொடிகளின் பெயர், ஓவியம், லத்தீன், பிரெஞ்சு, ஜெர்மன் எல்லாம் தாயிடம் கற்றவையே. சொல்லின் பொருளைவிட அதன் ஓசைதான் அந்தச் சிறுவனை முதலில் கவர்ந்தது. 

1904-இல் நீரிழிவு நோயால் தாயும் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 34. இன்சுலின் மருந்து கண்டுபிடிக்கப்பட்டது 1921-இல்தான். பன்னிரண்டு வயதில் டோல்கீன் அநாதையானார். பிரான்சிஸ் மார்கன் என்ற பாதிரியார் பாதுகாவலராக இருந்து அண்ணனையும் தம்பியையும் படிக்க வைத்தார்.

விளையாட்டாகத் தொடங்கிய வேலை

டோல்கீனின் உறவுக்காரச் சிறுமிகள் இருவர் விலங்குகள், பறவைகள், மீன்கள் ஆகியவற்றின் பெயர்களையே சொற்களாக வைத்து ஒரு ரகசிய மொழி பேசி விளையாடினார்கள். அதில் டோல்கீனும் சேர்ந்துகொண்டார். பிறகு ஆங்கிலம், பிரெஞ்சு, லத்தீன் சொற்களை உருமாற்றி 'நெவ்பாஷ்' என்று இன்னொரு மொழியை உண்டாக்கினார்கள். வளர வளர மற்றவர்களுக்கு அந்த விளையாட்டு அலுத்துவிட்டது. டோல்கீனுக்கு மட்டும் அலுக்கவில்லை. பாதிரியாரின் ஸ்பானிய மொழிப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்து, அதன் சாயலில் 'நஃபாரின்' என்ற மொழியைத் தனியாகவே உருவாக்கினார்.

வீட்டுக்குப் பின்னால் ரயில் பாதை இருந்த ஒரு காலத்தில், வேல்ஸ் பகுதியிலிருந்து வந்த நிலக்கரி வண்டிகளில் எழுதியிருந்த ஊர்ப் பெயர்கள் அவர் கண்ணில் பட்டன. அந்த வெல்ஷ் மொழிப் பெயர்களின் அழகு அவர் மனத்தை விட்டு நீங்கவே இல்லை.

பர்மிங்காமில் அவர் படித்த கிங் எட்வர்ட் பள்ளியில் லத்தீன் மொழியில் விவாத அரங்கு நடப்பது வழக்கம். ஒருமுறை கிரேக்கத் தூதராக வேடமேற்று முழுக்க முழுக்கக் கிரேக்கத்திலேயே பேசினார் டோல்கீன். இன்னொரு முறை அயல்நாட்டுத் தூதராக எழுந்து, பல நூற்றாண்டுகளுக்கு முன் பேசப்பட்ட காதிக் மொழியில் சரளமாகப் பேசினார்! நண்பர்கள் திகைத்துப் போனார்கள். கதாபாத்திர விளையாட்டு என்று பெயர் வைக்காமலே அவர் அன்று அதை விளையாடியிருக்கிறார், பார்த்தீர்களா?

தேர்வில் வந்த சறுக்கல்

எப்போதும் வெற்றிதான் என்று எண்ணிவிடாதீர்கள். 1909-இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக உதவித்தொகைத் தேர்வில் அவர் தோற்றார். பாடத்தைவிடப் புது மொழிகளிலேயே அதிக நேரம் செலவிட்டதும் அதற்கு ஒரு காரணம். அடுத்த ஆண்டு மீண்டும் எழுதி உதவித்தொகை பெற்றார். 1911-இல் எக்ஸெட்டர் கல்லூரியில் சேர்ந்தார்.

அங்கே நூலகத்தில் பின்லாந்து நாட்டு மொழியின் இலக்கண நூல் ஒன்று கிடைத்தது. மீண்டும் பழைய கதைதான்! பாடப் புத்தகம் ஒரு பக்கம் கிடக்க, பின்னிஷ் இலக்கணத்தில் மூழ்கினார். 1913-இல் நடந்த இடைநிலைத் தேர்வில் இரண்டாம் வகுப்புதான் கிடைத்தது. ஆனால் மொழிகளை ஒப்பிட்டு ஆராயும் தாளில் மட்டும் மிகச் சிறப்பாக எழுதியிருந்தார். அதைக் கவனித்த கல்லூரிப் பெரியவர்கள், கிரேக்க, லத்தீன் இலக்கியப் படிப்பை விட்டுவிட்டு ஆங்கில மொழிப் பிரிவுக்கு மாறும்படி அவருக்கு வழிகாட்டினார்கள். 1915-இல் முதல் வகுப்பில் தேறினார்.

அந்த ஒப்பியல் பாடத்தைக் கற்பித்தவர் பேராசிரியர் ஜோசப் ரைட். ஆறு வயதிலேயே வேலைக்குப் போய், கம்பளி ஆலையில் உழைத்து, பதினைந்து வயதுக்குப் பிறகே எழுதப் படிக்கக் கற்றவர் அவர். டோல்கீன் பள்ளி நாட்களில் ஒரு நண்பனிடமிருந்து வாங்கிப் படித்த காதிக் மொழி நூலை எழுதியவரும் அவரே! மொழியின் மீது ஆசை இருந்தால் எங்கிருந்தும் மேலே வரலாம் என்பதற்கு அந்த ஆசிரியரே சாட்சி.

போர் பறித்த நண்பர்கள்

அப்போது முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. 1916 மார்ச்சில் ஈடித் என்ற பெண்மணியை மணந்த டோல்கீன், ஜூன் மாதம் பிரான்ஸ் நாட்டுப் போர்முனைக்குச் சென்றார். படையில் அவர் தகவல் தொடர்பு அதிகாரி. கொடியசைத்தும் தந்திக் குறியீட்டிலும் செய்தி அனுப்புவது அவர் வேலை. போர்முனையில் தாம் எங்கே இருக்கிறோம் என்று வீட்டுக்கு எழுத அனுமதி இல்லை. அதனால் கடிதத்தில் புள்ளிகளை வைத்து மனைவிக்கு மட்டும் புரியும்படி இடத்தைத் தெரிவித்தார்.

சாம் நதிப் பகுதியில் நடந்த கொடிய போரில் அவருடைய பள்ளித் தோழர் ராப் கில்சன் முதல் நாளே உயிரிழந்தார். அதே ஆண்டு டிசம்பரில் ஜெஃப்ரி ஸ்மித் என்ற தோழரும் இறந்தார். பள்ளி நாட்களில் ஒன்றாக அமர்ந்து தேநீர் குடித்து, கவிதை பேசி, பெரிய காரியங்களைச் செய்து முடிப்போம் என்று கனவு கண்ட நால்வரில் இருவர் இல்லை! பேன்களால் பரவும் பதுங்குகுழிக் காய்ச்சலில் விழுந்த டோல்கீன் நவம்பரில் இங்கிலாந்து திரும்பியிருந்தார். அந்த ஓய்வுக் காலத்தில் ஒரு சாதாரண நோட்டுப் புத்தகத்தில் தம் கற்பனை உலகத்தின் கதைகளை எழுதத் தொடங்கினார். நண்பர்களோடு கண்ட கனவை இனி அவர்தானே சுமக்க வேண்டும்!

மொழிக்காகப் பிறந்த உலகம்

மற்றவர்கள் கதையை எழுதிவிட்டு அதற்கு நாலு விசித்திரச் சொற்களைச் சேர்ப்பார்கள். டோல்கீன் நேர்மாறு. மொழிகளை முதலில் உண்டாக்கினார். பேச ஆட்கள் இல்லாமல் மொழி எப்படி உயிரோடு இருக்கும்? அதனால் அந்த மொழிகளைப் பேசும் மக்களையும், அவர்களுக்கு ஒரு வரலாற்றையும் படைத்தார்.

அவர் கையாண்ட முறை என்ன? நாம் 'பால்' என்கிறோம், கன்னடத்தில் 'ஹாலு'. நாம் 'பத்து' என்கிறோம், கன்னடத்தில் 'ஹத்து'. ஒரே குடும்பத்து மொழிகளில் ஒலிகள் இப்படி ஓர் ஒழுங்குக்கு உட்பட்டே மாறுகின்றன. இதைத் தம் கற்பனை மொழிகளிலும் செய்து காட்டினார் டோல்கீன். அவருடைய கதையில் எல்ஃப் என்ற தொல்குடி மக்கள் இரு பிரிவாகப் பிரிகிறார்கள். கடல் கடந்து சென்றவர்களின் மொழி 'குவென்யா'. அதில் பின்னிஷ் மொழியின் சாயல் உண்டு. தங்கிவிட்டவர்களின் மொழி 'சிந்தாரின்'. அதில் வெல்ஷ் ஓசை கேட்கும். அன்னப்பறவைக்குக் குவென்யாவில் 'அல்க்வா' என்று பெயர், சிந்தாரினில் 'அல்ஃப்'. இரண்டும் ஒரே வேர்ச்சொல்லிலிருந்து பிறந்தவை. குள்ளர்களின் மொழியோ வேறு வகை. அதை அவர்கள் அயலாருக்குக் கற்றுத் தருவதே இல்லை!

மொழி அறிவு எப்படி உயிர் காக்கும் என்பதையும் கதையில் காட்டினார். பனிமலையில் சிக்கித் தவித்த பயணிகள் ஒரு கல் கதவின் முன் நிற்கிறார்கள். நண்பன் என்றால் சொல்லிவிட்டு உள்ளே வரலாம் என்ற பொருளில் அதில் எல்ஃப் மொழியில் எழுதியிருக்கிறது. மந்திரவாதி தமக்குத் தெரிந்த மந்திரங்களை எல்லாம் சொல்லிப் பார்க்கிறார். கதவு அசையவில்லை. கடைசியில்தான் புரிகிறது, நண்பன் என்பதற்கான எல்ஃப் சொல்லே கதவைத் திறக்கும் சொல் என்று! 'மெல்லோன்' என்றதும் கதவு திறந்துவிடுகிறது.

பத்து வயது நடுவர்

போருக்குப் பின் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதிப் பணியில் சேர்ந்தார் டோல்கீன். கடல் விலங்கான வால்ரஸின் பெயர் எப்படி வந்தது என்று திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்து ஆராய்ந்தார். லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் சில ஆண்டுகள் கற்பித்து, 1925-இல் ஆக்ஸ்போர்டில் பழைய ஆங்கிலப் பேராசிரியரானார். 1959-இல் ஓய்வு பெற்றார்.

வீட்டில் நான்கு குழந்தைகள். கிறிஸ்துமஸ் தாத்தா எழுதுவதுபோல் 1920 முதல் 1943 வரை அவர்களுக்கு ஆண்டுதோறும் படக் கடிதங்கள் எழுதினார். அவற்றிலும் பனிக்கரடியின் மொழி, குட்டிப் பூதங்களின் எழுத்து என்று குறும்பு செய்தார்!

ஒருநாள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது ஒரு வெற்றுப் பக்கம் வந்தது. அதில் ஹாபிட் என்ற புதுச் சொல்லை வைத்து ஒரு வரி எழுதினார். அதுவே கதையாக வளர்ந்தது. கதை பதிப்பாளரிடம் சென்றபோது, அவர் தம் பத்து வயது மகன் ரேனரிடம் படிக்கக் கொடுத்தார். நன்றாக இருக்கிறது என்று அவன் எழுதிக் கொடுத்த குறிப்புக்கு ஒரு ஷில்லிங் கூலி! 1937 செப்டம்பரில் 'தி ஹாபிட்' வெளிவந்தது. அதன் தொடர்ச்சியான 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' கதையை எழுதி முடிக்கப் பன்னிரண்டு ஆண்டுகள் பிடித்தன. அது 1954, 1955-ஆம் ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளிவந்தது.

விதை விருட்சமானது

1971-இல் மனைவி ஈடித் மறைந்தார். டோல்கீன் 1973 செப்டம்பர் 2-ஆம் தேதி தமது 81-ஆம் வயதில் காலமானார். அடுத்த ஆண்டே அமெரிக்காவில் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற கதாபாத்திர விளையாட்டு வெளிவந்தது. அதில் எல்ஃப்களும் குள்ளர்களும் தத்தம் மொழிகளோடு வந்தார்கள். 1977-இல் 'டிராவலர்' என்ற விண்வெளி விளையாட்டு வந்தது. அதில் பாத்திரங்களின் திறமைகளுக்கு அளவு எண்கள் கொடுக்கப்பட்டன. விண்வெளித் திரைப்படங்களும் பின்தங்கவில்லை. 'ஸ்டார் ட்ரெக்' படத்துக்காகக் கிளிங்கான் மொழியும், 2009-இல் வந்த 'அவதார்' படத்துக்காக நாவி மொழியும் மொழியியல் அறிஞர்களால் உருவாக்கப்பட்டன. நம் ஊரிலும் உண்டு! 2015-இல் வெளிவந்த 'பாகுபலி' படத்தில் காலகேயர்கள் பேசிய கிளிக்கி மொழியை உருவாக்கியவர் தமிழ்ப் பாடலாசிரியர் மதன் கார்க்கி.

டோல்கீனுக்கே ஒரு திறமைத் தாள் எழுதிப் பார்த்தால் எப்படி இருக்கும்? பழைய ஆங்கிலம் – மிக உயர்ந்த அளவு. லத்தீன், கிரேக்கம் – நல்ல தேர்ச்சி. பின்னிஷ்? குறைந்த எண்தான் போட வேண்டும். அந்த மொழியின் பெருங்காவியமான 'கலேவலா'வை மூலத்தில் தட்டுத் தடுமாறிச் சிறிதளவே அவரால் படிக்க முடிந்தது. ஆனால் அந்த அரைகுறைப் பின்னிஷ்தான் குவென்யா என்ற அழகிய மொழிக்கு வித்திட்டது!

ஆகவே மாணவச் செல்வங்களே, புது மொழி ஒன்றைப் பத்துச் சொல் அளவுக்குத்தான் கற்றிருக்கிறோமே என்று தயங்காதீர்கள். பக்கத்து வீட்டுத் தோழி தெலுங்கு பேசுகிறாளா? அவளிடம் இன்று ஒரு சொல் கேட்டுக்கொள்ளுங்கள். அதைத் தமிழ்ச் சொல்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எந்தக் கதவு எந்தச் சொல்லுக்குத் திறக்கும் என்று யாருக்குத் தெரியும்!