ஒன்றரை ஆண்டுப் புகழ்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் லபக் என்பதோர் ஊர். பருத்தி விளையும் வறண்ட சமவெளி. 1936 செப்டம்பர் 7ஆம் நாள் அங்கே எளிய குடும்பமொன்றின் கடைக்குட்டியாகப் பிறந்தவர் சார்லஸ் ஹார்டின் ஹாலி. 'பட்டி' என்பது வீட்டார் இட்ட செல்லப் பெயர். 1956இல் டெக்கா நிறுவனம் வரைந்த ஒப்பந்தத்தில் குடும்பப் பெயரின் ஓர் எழுத்து விடுபட்டது. அப்பிழையையே தம் மேடைப் பெயராக ஏற்றுக்கொண்டார்.

அந்த ஒப்பந்தம் தந்தது பெயர் மட்டுமே. நாஷ்வில் நகரில் பதிவான பாடல்கள் விலைபோகவில்லை. நிறுவனம் அவரைக் கைவிட்டது. அப்பாடல்களை ஐந்தாண்டுகளுக்கு வேறெங்கும் பதிவு செய்யலாகாது என்ற தடை வேறு. அவற்றுள் ஒன்றையே 1957 பிப்ரவரியில் கிளோவிஸ் நகரில், நார்மன் பெட்டியின் ஒலிப்பதிவுக் கூடத்தில் மீண்டும் பாடினார். தடைக்குத் தப்ப, இசைத்தட்டில் 'கிரிக்கெட்ஸ்' என்னும் குழுப்பெயர் இடம்பெற்றது. சில்வண்டுகள் என்பது அதன் பொருள். செப்டம்பரில் அத்தட்டு அமெரிக்க விற்பனையில் முதலிடம் பெற்றது.

அக்காலத்தில் பாட்டெழுதுவோர் ஒருவர், பாடுவோர் வேறொருவர். ஹாலியோ தாமே பாட்டுப் புனைந்து, மெட்டமைத்து, மின்கிதார் மீட்டிப் பாடினார். ஓர் அசையையே விக்கி விக்கி நீட்டும் அவர் குரல் 'பெக்கி சூ' பாடலால் உலகறிந்தது. 1958 மார்ச்சில் இங்கிலாந்து சென்று பாடினார். லிவர்பூலில் பின்னாளில் பீட்டில்ஸ் குழுவாக உருவெடுத்த இளைஞர்கள், அவ்வாண்டு தம் முதற்பதிவுக்குத் தேர்ந்தது ஹாலியின் பாடலையே.

புகழ் வந்தது, பொருள் வந்து சேரவில்லை. வருவாய் முழுவதும் பெட்டியின் பொறுப்பில் இருந்தது. 1958 இறுதியில் அவரை விட்டு விலகியபோது கையில் பணமில்லை. மணமாகி ஆறு திங்களும் நிறையவில்லை. அந்நெருக்கடியே 1959 சனவரியில் கடுங்குளிர்ப் பயணத்துக்கு அவரைத் தள்ளியது. பேருந்துகள் வழியெங்கும் பழுதாயின, உள்ளே வெப்பமில்லை. முரசு கொட்டுபவர் கால்கள் விறைத்து மருத்துவமனை சேர்ந்தார். சலித்த ஹாலி, அயோவாவின் கிளியர் லேக்கில் பாடி முடித்ததும் சிறு விமானமொன்றை வாடகைக்கு அமர்த்தினார். பிப்ரவரி 3ஆம் நாள் நள்ளிரவு கடந்து அது புறப்பட்டது. சில மைல் தொலைவிலேயே வயலில் வீழ்ந்தது. கருவிகளை மட்டும் நம்பி இருளில் பறக்கும் தகுதி விமானிக்கு இல்லை என விசாரணை கண்டது. விமானியும், உடன் சென்ற பாடகர்களான ரிச்சி வேலன்ஸும் ஜே. பி. ரிச்சர்ட்சனும் மாண்டனர். ஹாலிக்கு வயது 22.

லபக் நகரிலுள்ள அவர் கல்லறைக் கல்லில் கிதார் ஒன்று செதுக்கப்பட்டுள்ளது. அதன் மேல், ஒப்பந்தத்தில் விடுபட்ட எழுத்தும் சேர்த்து, குடும்பப் பெயர் முழுமையாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது.