அரசு விருதளித்தது, யோசனைகளை ஒதுக்கியது

புது தில்லி: தலைநகர் கன்னாட் பிளேஸில் ஜீவன் பாரதி கட்டடத்தையும் சென்னையில் எம்.ஆர்.எஃப். தலைமையகத்தையும் வடிவமைத்த சார்லஸ் கொரியாவின் 6 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வரைபடங்கள் லண்டனில் உள்ளன. பிரிட்டிஷ் அரச கட்டடக் கலைஞர்கள் நிறுவனத்துக்கு அவரே அளித்த அந்த ஆவணங்களைக் கொண்டு 2013-இல் அங்கு கண்காட்சி நடைபெற்றது. கட்டடங்களால் புகழ் பெற்ற கொரியா, ஆட்சியாளர்களுடன் மோதியதோ நிலத்துக்காக.

செகந்திராபாதில் 1930-இல் பிறந்து, அமெரிக்காவில் பயின்று, 1958-இல் மும்பையில் தொழில் தொடங்கியவர் அவர். சபர்மதி ஆசிரமத்தில் காந்தி நினைவு அருங்காட்சியகப் பணியை ஏற்றபோது முப்பது வயதுகூட நிறையவில்லை.

மும்பையின் தென்முனையில் கடலைத் தூர்த்து நெரிசலைப் பெருக்குவதற்குப் பதிலாக, துறைமுகத்துக்கு அப்பால் புதிய நகரம் அமைக்கலாம் என்று ஷிரீஷ் படேல், பிரவீணா மேத்தா ஆகியோருடன் சேர்ந்து 1960-களின் மத்தியில் அவர் யோசனை தெரிவித்தார். நிலத்தை அரசே கையகப்படுத்தி, அதன் விலை உயரும்போது கிடைக்கும் வருவாயில் வீடுகளும் போக்குவரத்தும் அமைக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. 1970-இல் சிட்கோ நிறுவனம் உருவானது. கொரியா அதன் தலைமைக் கட்டடக் கலைஞரானார். நவி மும்பை எழுந்தது. ஆனால், மாநிலத் தலைமைச் செயலகம் அங்கு இடம்பெயரவில்லை. நரிமன் பாயிண்டில் கடலும் தூர்க்கப்பட்டது.

தாராவியில் நிலைமை தலைகீழானது. 1985 இறுதியில் மும்பை வந்த பிரதமர் ராஜீவ் காந்தி ரூ. 100 கோடி அறிவித்ததை அடுத்து, தாராவி சீரமைப்புத் திட்டத்துக்கான குழுவுக்குக் கொரியா தலைமை ஏற்றார். குடும்பங்களில் ஒரு பகுதியை வெளியே குடியமர்த்த அத்திட்டம் கருதியது. திருநெல்வேலிப் பகுதியிலிருந்து தோல் பதனிட வந்தவர்கள் தலைமுறைகளாக வேரூன்றிய இடம் அது. தமிழரான ஜோக்கின் அற்புதம் தலைமையிலான தேசிய குடிசைவாசிகள் சம்மேளனம், ஸ்பார்க் அமைப்புடன் இணைந்து தானே கணக்கெடுத்தது. அதிகாரிகள் கூறியதைவிட மிக அதிகமான குடும்பங்கள் அங்கு வாழ்வது தெரியவந்தது. வரைபட மேஜையிலிருந்து பார்த்தால் தலைகள் குறைவாகத்தான் தெரியும் போலும்! அரசுடன் முரண்பட்டே பழகியவர், இங்கு அரசின் தரப்பில் நின்று கேள்விக்குள்ளானார்.

பஞ்சாலை நிலங்கள் பற்றி 1996-இல் அவர் தலைமையிலான குழு, பொதுவெளிக்கும் குடியிருப்புக்கும் இடம் ஒதுக்கித் திட்டம் அளித்தது. 2001-இல் மாநில அரசு விதிகளைத் திருத்தியதால் பொதுப் பங்கு வெகுவாகச் சுருங்கியது. அத்திருத்தத்தை உச்ச நீதிமன்றம் 2006-இல் ஏற்றது. அதே ஆண்டில்தான் அவருக்குப் பத்ம விபூஷண் வழங்கப்பட்டது.

2015 ஜூன் 16-இல் மும்பையில் அவர் காலமானார். தாராவி மறுசீரமைப்பு 2022-இல் அதானி குழுமம் வசம் சென்றது. 2024-இல் மீண்டும் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. 2000 ஜனவரி 1-க்குப் பின் குடியேறியவர்களுக்கும் மாடிகளில் வசிப்போருக்கும் தாராவிக்கு வெளியேதான் வீடு என்பது அத்திட்டத்தின் விதி.